தபால் தலை அளவில் ரெம்பிராண்ட்

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வாட்டர்லோப்ளைன். மேலே வந்ததும் பழைய சாமான் சந்தை. அங்கிருந்து சில நிமிட நடையில் யோடன்பிரேஸ்திராட், கதவு எண் 4. 1639-இல் ஓவியர் ரெம்பிராண்ட் 13,000 கில்டருக்கு வாங்கி, கடனை அடைக்க முடியாமல் இழந்த வீடு. இப்போது அருங்காட்சியகம். நான் போனபோது உள்ளே போக இருபது யூரோவுக்குக் கொஞ்சம் கம்மி. மரப்படி அவ்வளவு குறுகல். எதிரே ஆள் வந்தால் ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டும்.

அச்சுப் படங்கள் இருக்கும் அறையில் மங்கல் வெளிச்சம்தான். காகிதம் கெட்டுவிடக் கூடாதே! நான் தேடிப் போனது 1630-இல் அவர் தன் முகத்தையே வைத்துச் செய்த எட்சிங்குகளை. முதல் சுற்றில் கண்ணில் படவில்லை. திரும்பி வந்து பார்த்தால், அகலமான வெள்ளை அட்டையின் நடுவில், தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு முகம். உயரம் ஐந்து சென்டிமீட்டர்தான். தலையில் தொப்பி, விரிந்த கண், திறந்த வாய். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்போமே, தொப்பிக்குக் கீழே முடி அப்படி இருக்கிறது. இன்னும் குனிந்தேன். காவலர் தொண்டையைச் செருமினார்.

ரெம்பிராண்ட் தன் ஆன்மாவைத் தேடி வரைந்தார் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். நான் பார்த்தது, கண்ணாடி முன்னால் நின்று பழித்துக்காட்டும் 24 வயதுப் பையனை. திகைப்பு, கோபம், சிரிப்பு, எல்லாம் ஒத்திகை. கூலி கேட்காத மாடல் சொந்த முகம்தானே! அதே ஆண்டு எட்சிங்கில் ஒரு பிச்சைக்காரனை உட்காரவைத்தார். அவனுக்கும் இதே முகம்.

எட்சிங் செய்து காட்டும் அறையில் மை வாசனை. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறுகிறார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பிறகு மை தடவித் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் ஓட்டினால் படம் இடவலம் மாறி வருகிறது. கண்ணாடி ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருப்பதால், அச்சில் இருப்பது பிறர் கண்ட ரெம்பிராண்ட்.

1648-இல் இதே வீட்டில் இருந்தபோது செய்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து வரையும் படம். மனைவி சாஸ்கியா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சாதாரண உடை, தொப்பி. பழிப்பு இல்லை, பாவனை இல்லை. வேலைக்கு நடுவே நிமிர்ந்து பார்க்கிறார். அந்தப் பார்வை முன்னால் நெடுநேரம் நின்றேன். ஆன்மா என்று யாராவது சொல்லியே தீரவேண்டுமென்றால், இந்தப் படத்துக்குச் சொல்லலாம்.

போகிறவர்கள் பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். நான் கொண்டுபோகவில்லை.