புதுக்குட்டிகள் தந்த பாடம்



சென்ற ஆண்டு, வீட்டுக்குப் பின்னாலுள்ள அரை ஏக்கர் நிலத்தில் வளர்க்க மூன்று ஆட்டுக்குட்டிகள் வாங்கினேன். பால் மறந்து சில நாட்களே ஆனவை. தாயைத் தேடி இரவெல்லாம் கத்தின. மனம் பொறுக்காமல் வயிறு நிறையச் சோறு வைத்தேன். மறுநாள் ஒன்றுக்கு வயிறு உப்பியது. பொழுது சாயுமுன் இறந்துவிட்டது. என் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான் விளக்கினார்: "வாத்தியாரே, ஆடு தழை தின்கிற பிராணி. பழக்கமில்லாமல் சோறு நிறையப் போனால் வயிற்றில் புளித்துவிடும். முன்பு தின்ற தழையையே கொடுங்க. புதுத் தீனியைப் பத்து நாளில் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்க."

மற்ற இரண்டையும் தரையிலிருந்து உயர்த்திய பலகைக் கொட்டகையில், மழைச்சாரல் படாமல் வைத்தேன். பனி காய்ந்த பிறகே மேயவிட்டேன். ஈரப்புல்லில் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் ஏறியிருக்கும். உங்களிடம் முன்பே ஆடுகள் இருந்தால், புதியவற்றை மூன்று வாரமாவது தனியே வையுங்கள். நோயிருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலாம் வகுப்புக்கு அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு முதல் நாளே எல்லாப் பாடத்தையும் நான் திணிப்பதில்லை. குட்டிகளிடம் அதை மறந்தேன். இன்று இரண்டும் என் சைக்கிள் மணி கேட்டாலே ஓடி வருகின்றன. மூன்றாவதும் வந்திருக்க வேண்டும். அன்புக்கும் அளவு வேண்டும், அன்பர்களே!