குப்பிக்குள் திருப்பத்தூர்

“என்னங்க, மாடி டேங்க் எங்கயாவது ஒழுகுதா பாருங்க” என்றாள் என் மனைவி. ஏப்ரல் மாதம், மத்தியானம் மூன்று மணி. காய்ந்த தரையில் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி வீட்டுக்குள் ஒரு வாசனை வருகிறதாம். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டேங்க் நன்றாகத்தான் இருந்தது. கீழே வந்து மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து கையை நீட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. வாசனை என் மணிக்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அன்று காலை திருவல்லிக்கேணியில் ஓர் அத்தர் கடைக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவருக்குப் பெருநாளுக்குக் கொடுக்க ஏதாவது வாங்கலாம் என்று போனது. பாய் பொட்டலம் கட்டும் நேரத்தில், அலமாரியில் கிடந்த ஒரு குப்பியின் கண்ணாடிக் குச்சியை எடுத்து என் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு இழுத்தார். “தேய்க்காதீங்க சார், அப்படியே விடுங்க. தேய்ச்சா செத்துரும்.”

“என்ன பாய் இது?”

“மிட்டி. மண்ணு. மழை பேஞ்ச மண்ணு.”

சிரித்தேன். மோந்து பார்த்துவிட்டு ஒரு தோலா வாங்கினேன். 600 ரூபாய். இரண்டு நாள் நிற்கும் என்றார்.

ஸ்பிரே சென்ட் போட்டுப் பழகியவர்களுக்கு அத்தர் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஸ்பிரேயில் இருக்கும் ஆல்கஹால் ஆவியாகிற வேகத்தில் வாசனையையும் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவர் முகத்தில் அடிக்கும். அத்தர் எண்ணெய். அது தோலோடு தோலாகக் கிடக்கும். உடம்பு சூடேறும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழும். நாம்தான் மூக்கைக் கொண்டுபோக வேண்டும். இந்த மிட்டி முதல் பத்து நிமிஷம் புதுப்பானையில் முதல் குடம் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. அதற்குள்ளே சூளைக் கருகல் ஓர் இழை. அரை மணி கழித்துக் கருகல் போய், நனைந்த செங்கல் சுவரின் வாசனை. வியர்க்க வியர்க்க அது கூடியது. அந்தக் கட்டத்தில்தான் மனைவி டேங்க்கைச் சந்தேகப்பட்டாள். ஆனால் ஆறு மணிக்கெல்லாம் எல்லாம் தீர்ந்துவிட்டது. கையில் ஒரு பிசுக்கு மட்டும் மிச்சம்.

மல்லிகையிலிருந்து வாசனை எடுக்கலாம், ரோஜாவிலிருந்து எடுக்கலாம். மழையிலிருந்து எப்படி எடுப்பார்கள்? எடுத்தது ஏன் ஒரு பொழுதுகூட நிற்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளோடு தேட ஆரம்பித்தேன்.

முதலில் போய் நின்ற இடம் ஆஸ்திரேலியா. இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1964-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மழை விழுந்ததும் மண்ணிலிருந்து வரும் வாசனைக்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். பெட்ரா என்றால் கிரேக்கத்தில் கல். ஐகோர் என்பது அவர்களுடைய கடவுளர்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடும் திரவம். மண்வாசனை என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிட்டதற்கு அவர்கள் ஒலிம்பஸ் மலைவரை போக வேண்டியிருந்திருக்கிறது. காய்ந்த பாறையும் களிமண்ணும் கோடை முழுக்கக் காற்றில் வரும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன, ஈரம் பட்டதும் விட்டுவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. அந்தக் களிமண்ணை ஆவியில் வடித்து மஞ்சள் நிற எண்ணெயாகவே எடுத்துக் காட்டினார்கள்.

மழை வாசனையில் இன்னொரு பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். பீட்ரூட்டை நறுக்கும்போது வருகிற மண் வாடையும் இதுதான், ஏரித் தண்ணீரில் சில சமயம் வரும் சேற்று வாடையும் இதுதான். குழாயில் வந்தால் புகார் எழுதுகிறோம். குப்பியில் வந்தால் தோலா கணக்கில் வாங்குகிறோம்.

அந்த ஆஸ்திரேலியர்களே தங்கள் கட்டுரையில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். இந்தியாவில், உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில், இந்த வாசனையைச் சந்தன எண்ணெயில் பிடித்து ‘மட்டி கா அத்தர்’ என்று ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று. ‘சந்தன எண்ணெயில்’ என்ற இடத்தை அன்றைக்குக் கவனிக்காமல் தாண்டிப் போனேன்.

கன்னோஜ் நமக்குத் தெரிந்த ஊர்தான். ஹர்ஷர், யுவான் சுவாங், கன்னோசி என்று வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். கான்பூரில் இறங்கிப் பஸ் பிடித்தால் 80 கிலோமீட்டர் போல வரும். மண் அத்தர் வடிப்பது கோடையில் என்பதால் மே மாதமே போனேன். அது என் தப்பு. நாக்கு வெளியே தள்ளுகிற வெயில். ஊருக்குள் நுழையும்போது வாசனை வரும் என்று எதிர்பார்த்தேன்; வந்தது வரிசையாக உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்குகள். பெரிய கடைத்தெருவின் சந்துகளுக்குள் போன பிறகுதான் சாக்கடை வாடைக்கு நடுவே திடீரென்று தாழம்பூ. பத்தடி நடந்தால் ரோஜா. இதில் பெரும் பங்கு கழுத்துக்கும் காதுக்கும் போவதில்லை, பான் மசாலாவுக்கும் புகையிலைக்கும் போகிறது என்று தெரிந்துகொண்டபோது என் மொகலாயக் கனவு கொஞ்சம் வாடியது. ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தது நூர்ஜஹான் என்று கடைக்குக் கடை சொன்னார்கள். ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் அந்தப் பெருமையை நூர்ஜஹானின் அம்மாவுக்குத்தான் கொடுத்திருக்கிறார். மாமியாருக்கு நன்றி எழுதிவைத்த மருமகன். சந்தையில் அது எடுபடவில்லை போலிருக்கிறது.

நான் போன பட்டறை ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. சுவரோரம் மண் அடுப்புகள். ஒவ்வோர் அடுப்பிலும் ‘டேக்’ என்கிற செம்பு அண்டா. நம் கல்யாண வீட்டு அண்டாவின் வயிறு, வாய் மட்டும் குறுகல். அடுப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதில் கழுத்தளவு முங்கிய நீளக் கழுத்துச் செம்புப் பானை. அதற்குப் ‘பப்கா’ என்று பெயர். இரண்டையும் இணைப்பது ஒரு மூங்கில் குழாய். சூடு வெளியே போகாமல் இருக்கப் புல்கயிறு சுற்றியிருந்தார்கள். அளவுமானி எதுவும் இல்லை.

குயவர் வீட்டிலிருந்து வந்த சுட்ட களிமண் வில்லைகள் சாக்கில் இருந்தன. ஓர் ஆள் அவற்றை ஒடித்து ஒடித்து அண்டாவில் போட்டார், முறுக்கு ஒடிகிற சத்தத்தோடு. ஒரு துண்டை வாங்கி மோந்தேன். ஒன்றுமில்லை, வெறும் ஓடு. நாக்கால் தொட்டு ஈரமாக்கிவிட்டு மறுபடி மோந்தேன். புதுப்பானை! அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் இதைச் செய்வார்களாம். அண்டாவில் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, பஞ்சையும் களிமண்ணையும் பிசைந்து, கொழுக்கட்டைக்கு விளிம்பு ஒட்டுவதுபோல விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். அடுப்பில் விறகு. ஆவி மூங்கில் வழியாகப் போய்த் தண்ணீருக்குள் இருக்கும் பானையில் ஊற்றிவைத்த எண்ணெயில் குளிர்ந்து விழும்.

பப்காக்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். சற்றைக்கொரு தரம் தொட்டிக்குள் கையை விட்டுப் பானையைத் தடவிப் பார்ப்பார். சூடு ஏறியிருந்தால் அடுப்பாளுக்கு ஒரு சத்தம் கொடுப்பார், அவர் விறகை இழுப்பார். ஆறேழு மணி நேரம் இப்படி. மறுநாள் பானையில் கீழே தங்கிய தண்ணீரை வடித்து அண்டாவுக்கே திருப்பிவிடுவார்கள். புது வில்லை போடுவார்கள். எண்ணெய் மட்டும் அதே எண்ணெய். வாசனை போதும் போதும் என்கிறவரை நாள் கணக்கில் அது அங்கேயே கிடந்து குடித்துக்கொண்டிருக்கும்.

எந்த எண்ணெய் என்று அப்போதுதான் கேட்டேன்.

“சந்தனம். முன்னாடியெல்லாம் சந்தனம் மட்டும்தான்” என்றார் பெரியவர். “பூ வரும், போகும். மண் வரும், போகும். சந்தனம் உட்கார்ந்திருக்கும், மத்ததைப் போகவிடாது.” என் ஊர் எது என்று கேட்டார். மதராஸ் என்றேன். சொந்த ஊரே அதுவா என்று விடாமல் கேட்டார். இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு திருப்பத்தூர் என்றேன்.

பானையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. “திருபட்டூர்!” என்றார். “ஏலம்!” அவர் போனதில்லை. அவருடைய முதலாளியின் அப்பா மைசூருக்கும் எங்கள் ஊருக்கும் சந்தனக்கட்டை ஏலம் எடுக்கப் போய்விட்டு வந்து, இட்லியைப் பற்றிக் குறை சொல்வாராம். கட்டை லாரியில் வரும், இங்கேயே வடிப்பார்களாம்.

மழையைத் தேடி இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தவனுக்கு இது கொஞ்சம் அதிகம். நான் படித்த காலத்தில் சந்தனக் கிடங்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடம். ஜவ்வாது மலையிலிருந்து வரும் கட்டைகளின் மேலிருக்கும் வெள்ளையைச் செதுக்கித் தள்ளி, உள்ளே இருக்கும் வைரத்தைத் தனியாக எடுத்துத் தரம் பிரிப்பார்கள். வேர்வரைக்கும் வைரத்தில் எண்ணெய் இருப்பதால் சந்தன மரத்தை வெட்டமாட்டார்கள், தோண்டி எடுப்பார்கள். இதெல்லாம் தெரிந்தும், அந்தக் கட்டை இங்கிருந்து எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கோயிலுக்குப் போகும், சோப்புக்குப் போகும் என்று நினைத்திருப்பேன்.

பையிலிருந்த திருவல்லிக்கேணிக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். புறங்கையில் ஒரு சொட்டு விட்டார். உடனே மோக்கவில்லை. பானையை இன்னொரு சுற்றுத் தடவிவிட்டு வந்து மோந்தார். “மண் இருக்கு. தரை இல்லை” என்றார்.

என் குப்பியில் இருந்தது பாரஃபின் எண்ணெயாம். பிளாஸ்டிக்கை இளக்கப் போடும் ஒரு ரசாயன எண்ணெயையும் சிலர் சேர்க்கிறார்களாம். வாசனை கிடையாது, விலையும் கிடையாது, சந்தனம் போலப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் கிடையாது. ஏன் இப்படி என்று நான் கேட்க, குச்சியால் தரையில் கணக்குப் போட்டார். ஒரு தோலா 11.66 கிராம். சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல். லட்சம் என்றே வைத்தாலும் தோலாவுக்கு எண்ணெய் மட்டும் 1,166 ரூபாய். “நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?” நான் சொல்லவில்லை.

கடைசியில் சந்தனத்தில் வடித்தது கால் தோலா வாங்கிக்கொண்டேன். வடித்த அத்தரின் ஈரம் போகத் தோல் குப்பியில் ஊற்றி வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். விலையை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து இடது கையில் பழையது, வலது கையில் புதியது என்று போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். முதல் அரை மணி இடதுதான் ஜெயித்தது, சந்தேகமே இல்லை. பாரஃபினில் குறுக்கே நிற்க எதுவும் இல்லாததால் மண் அப்படியே மூக்கில் ஏறியது. வலது கையில் மண் கொஞ்சம் தள்ளி, அடுத்த தெருவில் மழை பெய்வது போல. மத்தியானத்துக்கு மேல் இடது கை பிசுபிசுத்துப்போய்விட்டது. வலது கையில் மண்ணும் பால் வாசனை மாதிரி ஒன்றும் பிரிக்க முடியாமல் கிடந்தன. மறுநாள் காலை குளிக்கப் போகும்போது சட்டை மடிப்பில் அது இருந்தது.

திருவல்லிக்கேணி பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “சார், நீங்க குடுத்த காசுக்குச் சந்தனம் எப்படி சார் வரும்?” என்றார். நியாயம்தானே.

திருப்பத்தூரில் எங்கள் தாத்தாவின் நிலத்தில் வேலியோரமாகச் சந்தனக் கன்றுகள் தானாகவே முளைக்கும். பறவை எச்சத்தோடு போடும் விதை. பார்த்த உடனே பிடுங்கி எறிந்துவிடுவார். சொந்த நிலத்தில் நின்றாலும் அது அரசாங்க மரம். காணாமல் போனால் நம்மைத்தான் கேட்பார்கள் என்ற பயம். கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தை மாற்றி, நிலத்துக்காரருக்கே மரம் சொந்தம் என்று ஆக்கின. அதற்குள் தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். எத்தனை கன்றைப் பிடுங்கியிருப்பாரோ.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அதே வேலியோரம் தம்பி நாலு கன்று வைத்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்திலேயே துவரை. “சந்தனம் தனியா வளராதுண்ணா. பக்கத்துச் செடியோட வேர்ல வாயை வைச்சு உறிஞ்சித்தான் வரும். துவரைதான் வைக்கச் சொன்னாங்க” என்றான். வைரம் பாய எத்தனை வருஷம் என்று கேட்டேன். இருபது, முப்பது என்றான். அவனுக்கு இப்போது 48.

அவன் கையில் கன்னோஜ் குப்பியிலிருந்து ஒரு சொட்டு வைத்தேன். மோந்தான். “மழை வாசனை” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அடியில நம்ம கிடங்கு வாசனை வருதே” என்றான். பிறகு குனிந்து ஒரு கன்றின் தண்டை நகத்தால் சுரண்டி மோந்தான். என்னிடமும் நீட்டினான். ஒரு வாசனையும் இல்லை. பச்சைத் தழை வாடை மட்டும்.

“துவரைக்குத் தண்ணி விட்டியா?” என்று கேட்டேன். மோட்டார் போடப் போனான்.