அளவுநாடாவும் ஏற்காட்டுக் கடைவீதியும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டை நான் அடைந்தபோது, மேகம் ஏரியின்மீது இறங்கியிருந்தது. கடைவீதியில் ஏழெட்டு இளைஞர்கள் அளவுநாடாவும் தூக்குக்குண்டும் ஏந்தி, பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றைச் சுற்றி நின்றனர். நிலம் வாங்க வந்தவர்களோ என்று கடைக்காரர் ஐயுற்றார். கட்டடக்கலை மாணவர்கள் என்று அறிந்த பின்னரே அவர் முகம் தெளிந்தது, தேநீரும் வந்தது.

அவர்கள் வேலையை அரை நாள் உடனிருந்து பார்த்தேன். அறையின் நான்கு பக்கங்களை அளந்தால் போதாதாம். மூலைக்கு மூலை குறுக்கேயும் அளக்க வேண்டுமாம். பழஞ்சுவர்கள் செங்கோணத்தில் நிற்பதில்லை. அக்கோணலையும் உள்ளவாறே வரைவதுதான் நேர்மை. ஒரு மாணவி உதிர்ந்து கிடந்த ஓட்டைத் திருப்பி, அதிற் பதிந்திருந்த ஆலையின் பெயரைக் குறித்துக்கொண்டாள். மங்களூரில் பாசல் மிஷன் சபையார் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியது 1865இல். ஆகவே அவ்வகை ஓடு வேய்ந்த கூரை அதற்கு முந்தியதாக இராது. சுவர் முந்தியதாக இருக்கலாம். இத்தனை செய்தியும் ஓர் உடைந்த ஓட்டில்!

இம்மலைமேல் 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்ட பங்களாக்கள் எழுந்தன. 1894இல் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியரின் திரு இருதயப் பள்ளியும், 1917இல் மான்போர்ட் சகோதரர்களின் பள்ளியும் தோன்றின. ஆனால் இவர்கள் அனைவருக்கும் முன்பே சேர்வராயன் மலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரின் மூங்கிற்பட்டை மண்சுவர்க் குடில்களை வரைந்தவர் எத்தனை பேர்? மறுநாள் சிற்றூர்களுக்கும் போவதாக மாணவர்கள் கூறியது எனக்கு ஆறுதல் அளித்தது.

வரைந்து வைப்பதால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் நின்ற பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய தோற்றத்திலேயே அது மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. தோற்றம் அறியப்படாதிருந்தால் எதைக் கொண்டு எழுப்புவது? அமெரிக்காவில் 1933இல், பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டே பழங்கட்டடங்களை அளந்து வரையும் பணியைத் தொடங்கினர். அவ்வரைபடங்கள் இன்றும் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன.

“ஃபாதர், உங்கள் பங்கில் பழைய கட்டடம் ஏதேனும் உண்டா?” என்று அம்மாணவி கேட்டாள். எனக்கு நா எழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், நான் முதலில் பொறுப்பேற்ற பங்கில் ஒரு குருமனை இருந்தது. அகன்ற தாழ்வாரம், உருண்ட தூண்கள். கூரை ஒழுகியது. “சாமி, கொஞ்சம் பொறுத்துப் பழுது பார்ப்போமே” என்றார் முதிய உபதேசியார். நான் கேட்கவில்லை. நான்கே நாளில் இடித்துவிட்டோம். ஒரு கோடுகூட வரைந்து வைக்கவில்லை. உபதேசியாரும் இன்று இல்லை.

மலையிறங்கியதும் அப்பங்கின் குடும்பங்களுக்கு எழுதினேன். அக்காலத் திருமணங்களில் அத்தாழ்வாரத்தில்தான் படம் எடுப்பார்கள். இதுவரை மூன்று புகைப்படங்கள் வந்துள்ளன. மூன்றிலும் மணமக்களுக்குப் பின்னால் தெரிவது ஒரே தூண்.