சோளக்காட்டில் ஒரு வெள்ளை ஹெலிகாப்டர்

கொல்லிமலைக்கு ஆட்கள் வருவது அரப்பளீஸ்வரரைக் கும்பிட, ஆகாயகங்கையில் குளிக்க, சந்தையில் அன்னாசியும் மலைவாழையும் வாங்க. நான் போனது ஒரு போர் ஹெலிகாப்டரைப் பார்க்க. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சோளக்காட்டைத் தாண்டினால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த ஒரு தோட்டம். அங்கே ஓட்டு வீட்டின் பின்னறையில், மேசைமேல் இறக்கை மாட்டாமல் கிடந்தது அது. மூக்கிலிருந்து வால்வரை ஒரு முழம்கூட இல்லை.

செய்பவர் விமானப்படையில் ஹெலிகாப்டர் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடன் ஒரு இளைஞர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். லீவு கிடைத்தால் மலையேறி வந்துவிடுகிறார். பட்டி பூசித் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, கோணாமல் கோடு இழுப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. பட்டறையில் முழு லாரியில் செய்வதை இங்கே 48-இல் ஒரு பங்கில் செய்கிறார்.

அவர்கள் கட்டுவது மி-35. சோவியத் மி-24 குடும்பத்தின் ஏற்றுமதி வடிவம். இதற்கு மூத்த மி-25, 1984-இல் இந்திய விமானப்படைக்கு வந்தது. ரஷ்யாவின் ஸ்வெஸ்தா நிறுவனம் 1/48 அளவில் வெளியிட்ட பிளாஸ்டிக் கிட்தான் அடிப்படை. சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி ஒட்டினால் ஹெலிகாப்டர் வந்துவிடும். “அது பொம்மைங்க. வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பம்” என்றார் பெரியவர்.

எடுத்துக்காட்டாக, மூக்கின் அடியில் இருக்கும் நாலு குழல் துப்பாக்கி. நிஜத்தில் அதன் வாய் 12.7 மில்லிமீட்டர், இந்த அளவில் கால் மில்லிமீட்டர் சொச்சம். கிட்டில் வரும் குழலின் முனையில் துளை இல்லை. அதை வெட்டி எறிந்துவிட்டு, ஊசி போடும் சிரிஞ்சின் 27 கேஜ் ஊசியை நாலு துண்டாக அறுத்துப் பதிக்கிறார். பிரேக் குழாய்க்கும் வயரிங்குக்கும் பழைய போன் சார்ஜர் வயரைப் பிரித்தெடுத்த செம்பு இழை. கண்ணாடிக் கூண்டை ஒட்ட ஃபெவிகால்தான். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப் போகும். நின்றிருக்கும் மி-35-இன் ஐந்து இறக்கைகளும் தம் எடையில் தாழ்ந்து தொங்கும். அதற்காகப் பிளாஸ்டிக் இறக்கைகளை வெந்நீரில் முக்கி ஒரே அளவாக வளைக்கிறார்கள். இறக்கை சுழலும் தண்டு நேர்க்குத்தாக நிற்காமல் வலப்பக்கம் இரண்டரை டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு சரிதானா என்று அட்டையில் வெட்டிய கோணத்தை வைத்து என் எதிரிலேயே இரண்டு தடவை பார்த்தார்.

பெயின்ட் அடிக்கும் விஷயத்தில் மலை வைத்ததுதான் சட்டம். காற்றில் ஈரம் ஏறியிருந்தால் லாக்கர் பெயின்ட் பால்போல் பூத்துவிடும். மூட்டம் விலகி வெயில் விழும் நடுப்பகலில்தான் ஏர்பிரஷ் கையில் எடுக்கிறார்கள். காற்றழுத்தத்துக்குப் பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசர், சத்தமே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலை கிடையாது, தேய்ப்பு மட்டும்தான்.

இந்த ஹெலிகாப்டருக்கு அவர்கள் அடிப்பது பச்சையோ பழுப்போ அல்ல, வெள்ளை. காங்கோவில் ஐ.நா. அமைதிப்படைக்காக இந்தியாவின் மி-25, மி-35 ஹெலிகாப்டர்கள் வெள்ளை நிறத்தில் பறந்தன. பெரியவர் கோமா நகரில் அவற்றைப் பராமரித்த குழுவில் இருந்தவர். மாடல் செய்பவர்களை அதிகம் படுத்தும் நிறம் வெள்ளை. கெட்டியாக அடித்தால் ரிவெட் வரிகள் மூடிப்போகும். மெல்லிசாக அடித்தால் அடியிலுள்ள சாம்பல் தெரியும். சுத்த வெள்ளையும் ஆகாது.

“மாமா, லாரிக்கு அடிக்கிற மாதிரி பளபளன்னு வேண்டாங்களா?”

“வேண்டாம் கண்ணு. ரெண்டு சொட்டு சாம்பல் கலந்துக்கோ. வெயில்ல நின்ன வெள்ளை அது.”

அழுக்கேற்றும் வேலையை இளைஞர் இங்கே வந்துதான் கற்றாராம். பட்டறையில் அழுக்குப் பட்டால் திட்டு விழும். தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துத் தூவலாம் என்று யோசனை சொன்னவர் அவர். பெரியவர் ஒப்பவில்லை. கோமா எரிமலை ஊர். 2002-இல் நைராகோங்கோ வெடித்தபோது லாவா விமான ஓடுதளத்தின் ஒரு பகுதியையே மூடியது. அங்கே சக்கரத்தில் ஒட்டுவது கறுத்த தூசி. ஆகவே அடுப்புக்கரியை மாவாக அரைத்து, தூரிகையால் டயரிலும் வயிற்றிலும் ஏற்றினார்கள்.

பிறகு பெரியவர் கைவைத்தது எஞ்சின் மூடியின்மேல். மி-35-இல் அந்த மூடியைத் திறந்து மடக்கினால் அதுவே மெக்கானிக் ஏறி நிற்கும் பலகை. மூடியின் உட்புறத்தில் நடுப்பகுதியை விட்டுவிட்டு, இரண்டு பாதம் பதியும் அகலத்துக்கு மட்டும் பெயின்டைச் சுரண்டினார். பக்கத்தில் ஒழுகிய எண்ணெய்க் கோடு ஒன்று. புகைபோக்கிக்குப் பின்னால் வால்வரை மங்கும் கரி. பறந்தவரின் கதை படங்களிலும் பதக்கங்களிலும் இருக்கும். ராத்திரி லைட் போட்டு எஞ்சின் பார்த்தவர் இருந்ததற்கு அத்தாட்சி, தேய்ந்த அந்த இரண்டு இடம்தான். இந்தக் கலையில் நுணுக்கம் என்பதற்கு எனக்குப் பிடிபட்ட பொருள் இதுவே: அந்த எந்திரம் யார் கையில் உழைத்தது என்று காட்டுவது.

கேட்காமல் வர முடியாத கேள்வி ஒன்று இருந்தது. 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கை போனபோது மி-25-உம் போனது. 1995-இலிருந்து இலங்கை விமானப்படையும் மி-24 வைத்திருந்தது. தமிழ் வீட்டில் இந்த உருவத்தைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறவர்கள் உண்டே?

“உண்டுங்க. அதனாலதான் ராக்கெட் கூட்டை மூடாம வெச்சிருக்கேன்.”

சிறகின் அடியில் தொங்கும் யுபி-32 கூட்டில் 32 குழல்கள். ஒவ்வொன்றும் 57 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கானது. இங்கே ஒன்றேகால் மில்லிமீட்டரும் இல்லை. அத்தனையையும் கைத்துரப்பணத்தால் குடைந்து உள்ளே கறுப்பு தடவியிருக்கிறார். வெள்ளைப் பூச்சு அந்தத் துளைகளுக்குள் போகவில்லை. 2008 அக்டோபரில் கோமாவுக்கு அருகே ஐ.நா.வின் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் கிளர்ச்சிக் குழுவினர்மீது சுட்டதையும் அவர் மறைக்கவில்லை. கொலைக்கருவியை அழகாகக் காட்டுகிறார்களே என்ற என் உறுத்தல் முழுக்கத் தீரவில்லை. ஆனால் அந்த உறுத்தலைப் பூசி மெழுகாத மாடலாக இதைச் செய்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த மாடல் பிரசந்த் ஹெலிகாப்டர். ஹெச்.ஏ.எல். கட்டி 2022 அக்டோபர் 3-இல் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது. அதைக் கிட் இல்லாமல், பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி அடியிலிருந்தே கட்டப் போகிறார்கள். பட்டறையில் தகடு வெட்ட அட்டையில் மாதிரி எடுக்கும் பழக்கம் இளைஞருக்கு இருப்பதால், இம்முறை அளவெடுத்து வரைவது அவர் பொறுப்பு. பெரியவர் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: மெக்கானிக் எங்கே கால் வைத்து ஏறுவார் என்பதை முதலில் கண்டுபிடித்து வா.