திறந்து விட்டவன் யார்?

எங்கள் ஆயா கடைசிவரை மைசூர்க்காரர்களை மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் அது அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த சங்கதி. அவளுடைய அம்மா சொல்லிக் கேட்டது. 1903 நவம்பர் 12-ஆம் தேதி பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்து சுமார் 200 பேரை அடித்துக்கொண்டு போனது. "மைசூர்க்காரன் ஏரிய தொறந்து வுட்டுட்டான்டா, ஒரு வார்த்த சொல்லி அனுப்பல" என்பாள் ஆயா, ஏதோ போன வாரம் நடந்ததைப் போல. செத்தவர்களுக்காக ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆயாவின் வசனம்தான் காதில் கேட்கும்.

அதை நான் சந்தேகிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் வேலை. டேனரிகள் ஒன்று சுத்திகரிப்பு வசதி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்த தலைமுறை நான். ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்த்தேன். சுண்ணாம்பு டிரம்மைக் காலி செய்யும் டேனரிக்காரருக்கு நிதானம் கிடையாது. வெள்ளையாய், நாற்றமாய், மொத்தமாய் வரும். நாலு டேனரி ஒரே நேரத்தில் காலி செய்தால் முதல் தொட்டியின் மட்டம் குதிக்கும். அடுத்த தொட்டி கொஞ்ச நேரம் எதுவும் தெரியாததுபோல இருந்துவிட்டு மெதுவாக ஏறும். மூன்றாவதில் ஏறியதா என்று அளவுகோலைப் பார்த்தால்தான் தெரியும். தொடராக இருக்கிற தொட்டிகளின் குணமே அதுதான். வந்த வேகத்தை ஒவ்வொன்றும் கொஞ்சம் விழுங்கி, தாமதித்து, தட்டையாக்கி அனுப்பும்.

அப்படியென்றால் ஏரிக்குப் பின் ஏரியாக இருக்கிற பாலாற்றில் வெள்ளம் சாந்தமாகத்தானே வந்திருக்க வேண்டும்?

வீட்டு மாடிப்படியில் மூன்று பெயின்ட் வாளிகளை வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவு. அடியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு துளை. ஒன்றின் தண்ணீர் அடுத்ததில் விழும். மேல் வாளியில் ஒரு குடம் தண்ணீரை, சுமார் 12 லிட்டர், ஒரே மூச்சில் ஊற்றினேன். மட்டம் 20 சென்டிமீட்டர். இரண்டாவது வாளி ஒன்றரை நிமிடம் ஆன பிறகுதான் தன் உச்சத்தைத் தொட்டது, அதுவும் 6.5 சென்டிமீட்டர்தான். மூன்றாவது இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு 5 சொச்சத்தில் நின்றது. "வயசாயிடுச்சு, இன்னும் வாளிய வெச்சி வெளையாடுறாரு" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

(வாளிகளைச் சமதளத்தில் வைத்து அடியில் குழாயால் இணைத்தால் கதை வேறு. அப்போது இரண்டாவதின் மட்டம் முதலாவதை எதிர்த்துத் தள்ளும். ஏரிகள் படிபோல இறங்கிக்கொண்டே இருப்பதால் அந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.)

மழைத்தண்ணீர் ஆற்றில் எப்படி வந்து சேர்கிறது என்பதையே இப்படி வரிசையான தொட்டிகளாகக் கற்பனை செய்து 1957-இல் நாஷ் என்ற அயர்லாந்துக்காரர் கணக்குப் போட்டிருக்கிறார். அதிலும் தொட்டிகள் கூடக்கூட வெள்ளம் தாமதமாகும், உச்சம் தணியும். ஆனால் அந்தக் கணக்கில் எந்தத் தொட்டியும் உடைவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் செய்து பார்த்தேன். இரண்டாவது வாளி உச்சத்தில் இருக்கும்போது அதை அப்படியே மூன்றாவதில் கவிழ்த்தேன். மூன்றாவதன் மட்டம் அந்த நொடியில் ஆறரை சென்டிமீட்டர் எகிறியது. அதுவரை வெள்ளத்தைத் தாங்கிப் பிடித்து வைத்திருந்த தண்ணீர்தான் இப்போது வெள்ளமாகச் சேர்ந்தது.

பிறகுதான் பழைய காகிதங்களைத் தேடிப் போனேன். அன்றைய அரசாங்க விவரக் குறிப்புகளில் குழப்பமே இல்லை. கோலார் பக்கம் பாலாற்றின் குறுக்கே அடுத்தடுத்து இருக்கிற பேத்தமங்கலம், ராமசாகரம் ஏரிகள் 1903-இல் உடைந்தன. யாரும் திறக்கவில்லை.

பின்னே, ஆயாவுக்குத் 'திறந்து விட்டான்' எங்கிருந்து வந்தது? என் ஊகம், அது வெள்ளத்துக்கு முந்தைய கோபம். 1892-இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. பட்டியலிட்ட ஆறுகளில் சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டக்கூடாது. அந்தப் பட்டியலில் பாலாறும் உண்டு. மேலே இருப்பவன் தண்ணீரை நிறுத்திவிடுவான் என்பதுதான் அன்றைய பயம். 11 வருஷம் கழித்துத் தண்ணீர் அதிகமாக வந்தபோதும் ஊரார் அதே ஆளைத்தான் கைகாட்டினார்கள். நிறுத்துகிறவன்தானே திறக்கவும் முடியும்!

நேரில் பார்த்துவிடலாம் என்று ஜோலார்பேட்டையில் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்துப் பேத்தமங்கலம் போனேன். 348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றில் கர்நாடகத்துக்குள் இருப்பது 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, மீதி 222 நம்முடையது. நீளம் நம்மிடம், தண்ணீரின் தொடக்கம் அவர்களிடம். ஏரியைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, இது பெரிசு என்பதுதான். 1903-க்குப் பிறகு கரையைத் திரும்பக் கட்டி, கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி இது.

அது முதல் உடைப்பும் இல்லை. கோலார் மாவட்டக் கல்வெட்டுகளை ரைஸ் என்பவர் தொகுத்து 1905-இல் வெளியிட்டார். அவற்றில் பேத்தமங்கலத்தின் பெயர் விஜயாதித்தமங்கலம். நுளம்பர் காலத்தில் 10-ஆம் நூற்றாண்டில் ஏரியைச் சீர்செய்திருக்கிறார்கள். ஒய்சளர் காலத்தில் 12-ஆம் நூற்றாண்டில் மறுபடியும். ஆற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டி நிறுத்தினால் சில நூறு வருஷத்துக்கு ஒருமுறை ஆறு வந்து கேட்கத்தான் செய்யும்.

கரைமேல் நின்று மனக்கணக்குப் போட்டேன். நிரம்பி வழிகிற ஏரியும் சும்மா இருப்பதில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியில் வழியும் தண்ணீர் இன்னும் 30 சென்டிமீட்டர் உயர்ந்தாலே 3 லட்சம் கனமீட்டர், அதாவது ஒரு கோடி கன அடிக்கும் மேல், அங்கே நின்றுவிடும். வாளியில் பார்த்த அதே சங்கதி. ஆனால் மண்கரைக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் கரையின் தலைமேல் ஏறிவிட்டால் பின்சரிவு அரிக்கத் தொடங்கும். ஒரு வாய்க்கால் அளவுக்கு அறுத்துக்கொண்டால் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். கீழே இருக்கிற ஏரியின் வழிவாசலோ மேல் ஏரி நிதானமாக அனுப்புவதை நம்பி விட்ட அகலம். மேல் ஏரி மொத்தமாக வந்தால் அதுவும் தாங்காது. அப்புறம் ஆந்திர எல்லை, அப்புறம் வாணியம்பாடி.

2021 நவம்பரில் இதே வரிசை நிரம்பியது. நான் பாலத்தில் நின்று பார்த்தேன். பெரியவர்களே பார்த்திராத தண்ணீர். சிலர் பூ தூவினார்கள், சிலர் செல்ஃபி எடுத்தார்கள். வாலாஜா பக்கம் 1858-இல் கட்டிய பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்று செய்தி வந்தது. தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறியது, தரைப்பாலங்கள் மூழ்கின. ஆனாலும் இரண்டு நாள் முன்னாலேயே வருகிறது வருகிறது என்று சொல்லி, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மேலே இரண்டு கரையும் நின்றதால்தான்.

பேத்தமங்கலம் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து பேசினார். எங்கள் ஊருக்கு வந்த வெள்ளத்தைச் சொன்னேன். அவருக்கு வாணியம்பாடி தெரியும், பிரியாணிக்காக. தண்ணீரைத் திறந்துவிட இங்கே கதவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கையை நீட்டி வழிவாசலைக் காட்டினார்.

"கோடி" என்றார்.

எங்கள் பக்கத்திலும் ஏரி நிரம்பி வழிந்தால் 'கோடி போகுது' என்றுதான் சொல்வோம். ஆயாவும் அப்படித்தான் சொல்வாள். "அத யார் தொறப்பாங்க?" என்று சிரித்தார் தாத்தா. "ரொம்பினா தானா போவும்."