கேளாமல் விட்ட கேள்வி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான அன்றிரவு, எங்கள் இல்லத்தில் குடும்பச் செபமாலை முடிந்ததும் இளைய மகன் மெல்லக் கேட்டான்: "ஏனுங்கப்பா, நான் எந்தக் குரூப்புல சேர்றதுங்க?"

பதில் சொல்ல வாயெடுத்த என்னை என் மனைவி ஏறிட்டுப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பார்வைக்குப் பின்னே ஒரு பழைய கதை இருந்தது.

2014-ஆம் ஆண்டில் எங்கள் மூத்த மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். மோட்டார்ப் பட்டறை ஒன்றில் கணக்கெழுதுபவன் நான். அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி 1945-லும், பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951-லும் தோன்றிய ஊர் கோவை. பம்புசெட்டும் பஞ்சாலையும் சோறு போடும் இவ்வூரில், பிள்ளையை இன்ஜினியராகக் காண்பதே என்போன்றோர்க்குப் பெரும்பேறு. ஆகவே, கணிதமும் கணினி அறிவியலும் அடங்கிய குழுவில் அவளைச் சேர்த்துவிட்டேன். "உனக்கு என்ன விருப்பம்?" என்று ஒரு சொல் கேட்கவில்லை. அவளும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

2016-இல் பிளஸ் டூ முடித்த மகள், ஒருநாள் மாலை செவிலியர் பட்டப்படிப்புக்கான விதிகளை என்முன் வைத்தாள். என் தாயார் நோயுற்று மருத்துவமனையில் கிடந்த நாள்களில் இரவெல்லாம் உடனிருந்தவள் அவள். அங்கே பணியாற்றிய செவிலியரைப் பார்த்து, தானும் அவர்களைப் போலாக வேண்டும் என்று அன்றே உள்ளத்தில் உறுதி கொண்டிருந்தாளாம். அந்தப் படிப்புக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் கட்டாயம். அவள் உயிரியல் படிக்கவில்லை. "அன்னிக்கு என்னையொரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை, கோபிக்கவுமில்லை. அதுவே எனக்குத் தாங்கவொண்ணாததாயிற்று.

பெற்றோர்களே, நான் செய்த பிழை இரண்டு. முதலாவது, பிள்ளையைக் கேளாதது. இரண்டாவது, பாதையைத் தொடக்கத்திலிருந்து மட்டும் பார்த்தது. எந்தக் குழுவில் இடம் கிடைக்கும் என்று பார்த்தேனேயன்றி, அக்குழு இரண்டாண்டு கழித்து எந்தக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் விடும் என்று பார்க்கவில்லை.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியது. அதற்கு முன் பதினோராம் வகுப்பு முடித்தவர்கள் கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தார்கள். பட்டப்படிப்பு மாணவர்களையும் பேராசிரியர்களையும் அன்றாடம் கண்டு விசாரித்தறியும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. இன்றோ பதினைந்து வயதுப் பிள்ளை, கல்லூரியையே காணாமல் பள்ளியிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நாம்தான் உடனிருந்து விசாரிக்க வேண்டும்.

நான் பிற்பாடு விசாரித்தறிந்தவற்றைச் சொல்கிறேன். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். தமிழகத்தில் 2007 முதல் அதற்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை; கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 100 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை அமைக்கிறார்கள். மருத்துவம் பயில உயிரியல் வேண்டும். நீட் தேர்வும் எழுத வேண்டும். பிளஸ் டூவில் உயிரியல் படியாதவர்களும் பின்னர் அதைக் கூடுதல் பாடமாகத் தேர்ந்து நீட் எழுதலாம் என 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஆயினும் அதை நம்பி முதலிலேயே அசட்டையாக இருப்பது நன்றன்று.

பட்டயக் கணக்கராக விரும்பும் பிள்ளை எந்தக் குழுவில் படித்திருந்தாலும் தொடக்கத் தேர்வை எழுதலாம். அத்தேர்வில் கணிதமும் புள்ளியியலும் உண்டாதலால், வணிகவியல், கணக்குப்பதிவியலோடு வணிகக் கணிதத்தையும் படிப்பது நலம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குழுவும் தடையில்லை. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்க்கும் பொறியியலில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. "முதல் குரூப்" என்னும் பெயரிலுள்ள "முதல்" வெறும் வரிசை எண். அது பிள்ளையின் தரத்தைக் குறிப்பதன்று.

"கணிதம், உயிரியல் இரண்டும் சேர்ந்த குழுவில் போட்டுவிட்டால் எல்லாக் கதவும் திறந்திருக்குமே" என்பார் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியவன் பிள்ளை. அவனால் இயலுமா என்பதை அவனும் அவன் ஆசிரியரும் சொல்லட்டும். சேர்ந்தபின் பொருந்தவில்லை என்று தெரிந்தால், வறட்டுக் கௌரவம் பாராமல் தொடக்க வாரங்களிலேயே தலைமையாசிரியரை அணுகுங்கள்.

தாலந்து உவமையை ஆண்டுதோறும் திருப்பலியில் கேட்கிறோம். அதில் தாலந்தைப் பகிர்ந்து கொடுப்பவர் தலைவரேயன்றி வேறொருவர் அல்லர். என் மகளுக்கு ஆண்டவர் தந்ததைப் பாராமல், நான் விரும்பியதை அவள் கையில் திணித்தேன். அவளுக்குரிய தாலந்தை மண்ணில் புதைத்தவன் நானே என்பதை ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிட்டபோதுதான் உணர்ந்தேன். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். இன்று அவள் பெங்களூரில் கணினித் துறையில் பணியாற்றுகிறாள். விடுமுறை நாள்களில் முதியோர் இல்லமொன்றுக்குச் சென்று உதவுகிறாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு முள் அசைகிறது.

ஆகையால், அன்றிரவு மகனிடம் திருப்பிக் கேட்டேன்: "நீ என்னவாக வேணும்னு நினைக்கிறே, கண்ணு?"

"விவசாயப் படிப்புங்கப்பா" என்றான் தயங்கியபடி.

தொலைபேசியில் அக்காளை அழைத்தோம். "முதல்ல அந்தப் படிப்புக்கு என்னென்ன பாடம் கேக்கறாங்கன்னு பாருடா. அப்புறம் குரூப்பை முடிவு பண்ணு" என்றாள். மறுநாள் காலை தந்தையும் மகனுமாகப் பேருந்தேறி, வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று விசாரித்தோம். திரும்பும் வழியில் அவன் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் அடங்கிய குழுவை அவனே தேர்ந்தான். சேர்க்கைப் படிவத்தையும் அவன் கையாலேயே நிரப்பினான். நான் கையொப்பம் மட்டும் இட்டேன்.

பிள்ளைகள் ஆண்டவர் நமக்கு அளித்த கொடை. அவர்களுக்காகச் செபிப்போம், அவர்கள் சொல்வதைக் கேட்கவும் செய்வோம்.