சுவரில் ஒட்டிய படங்கள்

எங்கள் வீட்டு முன் ஹோலில் கால்வைக்கும் எவரும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். மேலே கஃபாவின் படம். அதற்குக் கீழே, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் வரிசையாக அட்டைகள். பல் தூரிகை, குளிக்கும் வாளி, இடியப்பத் தட்டு, சப்பாத்து, முச்சக்கர வண்டி, தண்ணீர்க் கோப்பை, தலையணை. கைத்தொலைபேசியில் நானே படம்பிடித்து, டவுனில் லெமினேட் பண்ணுவித்து, பின்னால் வெல்க்ரோ வைத்து ஒட்டியவை. "புள்ளட ஸ்கூல் புரொஜெக்டா?" என்று கேட்பார்கள். ஆமென்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவேன். விளக்கம் சொல்லத் தெம்புள்ள நாட்களும் உண்டு. இல்லாத நாட்களே அதிகம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 11. அவளுக்குக் கவனக்குறைவும் மிகையியக்கமும், ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். இவனுக்கு ஓட்டிசம். ஒருத்தி வாய் மூடுவதில்லை, மற்றவன் பேசுவதில்லை. இலக்கியக் கூட்டங்களுக்கு எப்போதாவது போனால் பழைய சிநேகிதிகள், "ஏன் இப்ப ஒன்டும் எழுதுறல்ல?" என்று கேட்பார்கள். நேரமில்லை என்பேன். அது பாதி உண்மை. சொற்களின் மீது எனக்கிருந்த பழைய நம்பிக்கை குறைந்துபோனது மீதிப் பாதி.

மகன் விடியப்புறம் மூன்றரைக்கு விழித்துவிடுவான். சுபஹுக்குப் பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். குசினி வாசலிலிருந்து முன்கதவு வரை நடப்பான், திரும்பி நடப்பான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே விரல்களை ஆட்டிக்கொண்டு நிற்பான். விளக்கைப் போட்டால் பிடிக்காது. இருட்டிலேயே நானும் பக்கத்தில் நிற்பேன். நோன்பு காலத்தில் மட்டும் ஊரே அந்நேரத்தில் விழித்திருக்கும். ஸஹருக்கு எழும்பிய அடுத்த வீட்டுப் பாத்திரச் சத்தம் கேட்கும்போது, இந்த ஒரு மாதத்துக்காவது நான் தனியாக விழித்திருக்கவில்லை என்றொரு ஆறுதல்.

பாங்கு சொல்லத் தொடங்கினால் இரு காதுகளையும் பொத்திக்கொள்வான். அவன் சிறு பிள்ளையாக இருக்கையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் உறவுக்காரர் ஒருவர், பாங்குச் சத்தத்துக்குக் காது பொத்துவது எதனால் என்று எல்லோருக்கும் தெரியுமே என்று ஒரு மாதிரி இழுத்தார். தண்ணீர் ஓதி ஊற்றினோம். மிளகாய் சுற்றிப்போட்டோம். மிக்ஸி ஓடினாலும், குக்கர் கூவினாலும், பஸ் ஹோர்ன் அடித்தாலும் அதே கைகள் அதே காதுகளைப் பொத்துவதை அந்த உறவுக்காரர் கவனிக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் என் கணவர் வீட்டுக்குள் மெல்லப் பாங்கு சொல்லிக் காட்டியபோது அவன் கைகளை எடுத்துவிட்டு அவருடைய தாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் மிளகாய் வாங்கப் போகவில்லை.

2017இல், அவனுக்கு மூன்று வயதிருக்கும்போது, ஒரு பெரிய கிளினிக்கில் இதன் பெயரைச் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி மிஸ் பொறுமையான மனுஷி. ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழில் பயிற்சி கொடுக்க அங்கே ஒருவருமில்லை. 'இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும், வீட்டிலும் சிங்களமே பேசுங்கள்' என்று அங்கே இருந்த இன்னொருவர் சொன்னார். இருமொழிச் சூழலால் இப்படியான பிள்ளைகளின் பேச்சு மேலும் பிந்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். அன்று நம்பினோம். நான்கு மாதங்கள் எங்கள் வீட்டில் சகோதர மொழி பேசினோம். எனக்கும் கணவருக்கும் அது தடையில்லை. மாமிக்குத்தான் வாயடைத்துப் போயிற்று. கடையில் சாமான் வாங்க அவருக்குச் சிங்களம் போதும். பேரப்பிள்ளையைக் கொஞ்சப் போதாது. தன் மகன் கட்டிய வீட்டில், கதிரையில், தஸ்பீஹும் கையுமாக ஊமையைப்போல் இருந்தார்.

அந்த நாட்களில் ஒரு மாலை சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது மகன் தட்டைத் தள்ளிவிட்டுத் தெளிவாக ஒரு சொல் சொன்னான். "எப்பா."

மாமி கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். "வாப்பா எண்டு சென்னான்! அல்லாஹ், வாப்பா எண்டு சென்னான்!" கடையிலிருந்து கணவரை அழைத்தார். அவரும் ஓடிவந்தார், அவனைத் தூக்கி நெற்றியில் முத்தினார், கண்கள் நிறைந்துவிட்டன. சிங்களத்தில் 'எப்பா' என்றால் வேண்டாம். பயிற்சி மிஸ் பல வாரங்களாக அவனுக்குக் கற்றுக்கொடுத்த சொல் அதுதான் என்பது எனக்குத் தெரியும். கணவருக்கும் கொஞ்ச நேரத்தில் தெரிந்திருக்கும். இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. மாமிக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சொல்லும் ஒரு மாதத்தில் போய்விட்டது. அதன்பின் வீட்டில் மறுபடி தமிழ் பேசத் தொடங்கினோம்.

மகளின் கதை வேறு. அவள் புத்திசாலி, அதுதான் அவளுக்குச் சங்கடம். "புத்தி ஈக்கி, கவனந்தான் இல்ல, அடிச்சிப் படிப்பிங்க" என்று ஓர் ஆசிரியை சொன்னார். ஒரு வருடத்தில் ஏழு தண்ணீர்ப் போத்தல்கள் தொலைந்தன. கணக்கைச் சரியாகச் செய்து விடையை அடுத்த கேள்விக்குக் கீழே எழுதிவைப்பாள். புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஊரே ரியூஷனுக்கு ஓடிய காலத்தில், மேசைக்கு மேலிருந்து படிக்கச் சொன்னால் அழுவாள். மேசைக்குக் கீழே போயிருந்து படிப்பாள். நாங்கள் மேசைக்குக் கீழே ஒரு மின்குமிழ் பொருத்தினோம். அவளுக்கு ஓதிக்கொடுத்த ஆலிமாவை நன்றியோடு நினைக்கிறேன். எந்த வைத்தியரும் சொல்லிக்கொடுக்காமலே, "நடந்து நடந்து ஓதுங்க மகள்" என்று விட்டுவிட்டார். 30ஆவது ஜுஸ்உவை முற்றத்தில் நடந்தே மனனமிட்டாள்.

அவளுக்குக் காலையில் மெதில்பெனிடேட் மாத்திரை கொடுக்கிறோம். 'பைத்தியத்துக்குக் குடிக்கிற மருந்து' என்று குடும்பத்துக்குள் பெயர். அந்த மாத்திரையால் பகலில் பசியிருக்காது. சாப்பாட்டுப் பெட்டி திரும்பி வரும். 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டில் அதுவும் கிடைக்காமல் போனபோது கிளினிக் கொப்பியோடு எத்தனை பாமசிகளின் படியேறினேன் என்று கணக்கில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு காரணமும் ஒரு குற்றவாளியும் தேவை. பெரும்பாலும் உம்மாதான் அகப்படுவாள். நான் வயிற்றில் பிள்ளையோடு விடிய விடியப் புத்தகம் வாசித்ததால் வந்தது என்றார்கள். பிள்ளையிடம் போன் கொடுத்ததால் என்றார்கள். அவனுக்கு நடக்கவே தெரியாத வயதில் எங்களிடம் நல்ல போன் இருக்கவில்லை. வாசிக்க வாசிக்க, இது எங்கள் ஊருக்கு மட்டுமுரிய வழக்கமல்லவென்று கண்டேன். 1943இல் லியோ கெனர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப்பற்றி எழுதித்தான் ஓட்டிசத்தை உலகம் அறிந்தது. அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில், தாயிடம் வெதுவெதுப்பில்லாததால்தான் பிள்ளை இப்படியாகிறது என்று படித்தவர்களே சொன்னார்கள். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்மார்' என்று அந்த உம்மாமாருக்குப் பெயரும் வைத்தார்கள். 1964இல் அதை மறுத்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், ஓட்டிசமுள்ள ஒரு மகனின் வாப்பா. தடுப்பூசியால் வருகிறதென்று 1998இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்த கட்டுரையை 2010இல் அந்தச் சஞ்சிகையே மீளப்பெற்றுவிட்டது. எங்கள் சாச்சியின் வட்ஸ்அப்பில் அது இன்னும் மீளப்பெறப்படவில்லை.

2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இங்கே, இலங்கையில், 18 முதல் 24 மாதமான பிள்ளைகளைப் பரிசோதித்து 93 பேரில் ஒருவர் என்று கணக்குச் சொன்னார்கள். அப்படியானால் எங்கள் ஊரிலேயே எத்தனை வீடுகள்? அந்தப் பிள்ளைகளெல்லாம் எங்கே? கல்யாண வீடுகளில் காணவில்லை, பெருநாள் திடலில் காணவில்லை. என் மகனும்தான் அங்கே இல்லை. ஒரு பெருநாள் தொழுகையில் அவன் ஸப்புகளுக்கிடையே ஓடியபோது, "இப்படிப்பட்டதுகளை ஊட்டுல வெச்சிட்டு வரலாந்தானே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணவர் அதை என்னிடம் சொன்னது அடுத்த வருடம்தான், ஏன் இம்முறை கூட்டிப்போகவில்லை என்று நான் கேட்டபோது.

"சொர்க்கத்துப் புள்ள, கேள்வி கணக்கு இல்ல" என்று ஆறுதல் சொல்வார்கள். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. சொர்க்கத்துக்கு முன்னால் ஒரு நீண்ட கிழமை கிடக்கிறது. அதில் வியாழக்கிழமை கிளினிக். நாங்கள் மௌத்தான பிறகு என்ன என்று கேட்டால் அதற்கும் விடை தயாராக இருக்கிறது: "ராத்தா ஈக்கிறா தானே." ஒருநாள் மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இரவு வந்து என் பக்கத்தில் படுத்தாள். "உம்மா, நான் கலியாணம் முடிச்சா தம்பியையும் கூட்டிப் போகணுமா?" என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. இல்லை மகளென்றேன். பிறகு விடியும் வரை அந்த 'இல்லை'க்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் கிடைக்கவில்லை.

அட்டைகளின் விடயத்துக்கு வருகிறேன். அவனுக்குச் சொல்லால் முடியாதது படத்தால் முடியும் என்று பயிற்சி மிஸ்தான் காட்டித் தந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பைப் படத்தைக் கழற்றிக் கையில் தருவான். ஆனால் நான் ஒட்டத் தொடங்கிய அன்றே மாமி சொன்னார்: "படம் ஒட்டின ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க, மகள்." மௌலவி ஒருவரிடம் கேட்டோம். தேவைக்குத்தானே, இது பிள்ளைக்கு மருந்து மாதிரி என்றார். மாமி சமாதானமாகவில்லை. முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பொருட்களின் படங்கள் மட்டும் சுவரில்; மனிதர்களின் படங்கள் கூடாது. உம்மா, வாப்பா, ராத்தா அட்டைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வாளியையும் சப்பாத்தையும் கேட்க அவனுக்கு வழியிருந்தது. எங்களில் ஒருவரைக் கேட்க வழியிருக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னேரம் நான்கு மணிக்குப் பாண் விற்கும் முச்சக்கர வண்டி வரும். நாடெங்கும் கேட்கிற அந்த மெட்டு, பீத்தோவனின் 'ஃபர் எலிஸ்' என்பது பலருக்குத் தெரியாது. எல்லாச் சத்தத்துக்கும் காது பொத்துகிறவன் அந்த ஒன்றுக்கு மட்டும் கேட்டுக்கு ஓடுவான். வண்டியின் ஒலிபெருக்கியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். 2022 ஜூன் மாதம் பெற்றோல் இல்லாமல் அந்த வண்டி வராது போயிற்று. தினமும் நான்கு மணிக்கு அவன் கேட்டில் நின்றான். கறண்டும் இல்லாத ஒரு பின்னேரம், நான் விறகடுப்போடு போராடிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் கேட் திறந்துகிடந்தது.

பள்ளியில் ஜெனரேட்டர் போட்டு அறிவித்தார்கள். என்ன அடையாளம் சொல்வதென்று கேட்டார்கள். நீல ரீஷேர்ட் என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான், அதனால் கூப்பிடாமல் பிடித்துவிடுங்கள் என்றேன். மாமி வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அந்தப் பாண்காரர் அவன் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். பேக்கரிக்குப் பின்னால் நிறுத்திவைத்திருந்த வண்டியின் ஒலிபெருக்கியில் கை வைத்துக்கொண்டு நின்றானாம். ஒன்றரை மைல், நடுவில் பிரதான வீதி. அந்தச் சிங்களச் சகோதரருக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் தேநீர் கொடுத்தோம். சீனி இருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் மாமி நல்ல முக்காடொன்று போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து கதிரையில் இருந்தார்.

"என்ட படத்தயும் புடிச்சி ஒட்டுங்க மகள்."

அப்படித்தான் அலுமாரியிலிருந்த அட்டைகளும் சுவருக்கு வந்தன. மாமியின் படம் தலையணைக்கும் கோப்பைக்கும் நடுவில். இரண்டு வருடமாக அவன் மனிதர்களின் அட்டைகளைத் தொட்டதில்லை. நானும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன வருடம் மாமி புத்தளத்தில் மகள் வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் விடியப்புறம் வழக்கம்போல் அவன் நடந்துகொண்டிருந்தான். திடீரென்று சுவரடியில் நின்றான். வெல்க்ரோ பிரியும் சத்தம் கேட்டது. தண்ணீராக இருக்கும் என்று கோப்பையைத் தேடினேன். என் கையில் அவன் வைத்ததை இருட்டில் பார்க்க முடியவில்லை. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

சுபஹு முடியும்வரை பொறுத்திருந்து போன் எடுத்தேன். மாமி ஸலாம் சொல்லுமுன்னே, "என்ன மகள், புள்ளக்கி என்ன?" என்றார்.

"ஒன்டுமில்ல மாமி. ஒங்கட படத்தக் கழட்டிக் கொண்டுவந்து தாரான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் வெட்டுப்பட்டதென்று நினைத்தேன்.

"எட்டரைக்கு ஒரு பஸ் ஈக்கி," என்றார். "அவனுக்கிட்ட செல்லுங்க."

எப்படிச் சொல்வது? முச்சக்கர வண்டியின் அட்டையையும் மாமியின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டினேன். பஸ்ஸுக்கு எங்களிடம் படமில்லை.